சுவிட்ச் இல்லாத கதிரோடு வேலை: அணு மருத்துவம், மருத்துவப் படமெடுப்புப் பயிற்சிக்கு முழுமையான வழிகாட்டி

எக்ஸ்ரே அறையில் பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் கதிர் நின்றுவிடும். மின்சாரம் போனாலும் நின்றுவிடும். அணு மருத்துவத்தில் அந்த வசதி கிடையாது. குப்பியில் இருந்தாலும், சிரிஞ்சில் இருந்தாலும், உடம்புக்குள் போன பிறகும் மருந்து கதிரை விட்டுக்கொண்டேதான் இருக்கும். ஊசி போட்டதும் நோயாளியே கதிர் மூலமாகிவிடுகிறார். அவர் எழுந்து கழிப்பறைக்குப் போனால் கதிரும் கூடவே போகிறது. இந்தப் பயிற்சியில் ஏன் இவ்வளவு கணக்கு, ஏன் எப்போது பார்த்தாலும் கடிகாரம், ஏன் நிமிடத்துக்கு ஒரு கையுறை என்று சலித்துக்கொள்ளும் மாணவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: இங்கே சுவிட்ச் இல்லை. நீங்கள் கற்கப்போகும் எல்லாமே அந்த ஒரு குறையைச் சமாளிக்கும் வழிகள்.

படி 1: எந்தக் கதவு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மருத்துவப் படமெடுப்பு என்ற ஒரே பெயருக்குக் கீழே குணம் வேறுவேறான பல வேலைகள் இருக்கின்றன. எக்ஸ்ரேயும் சிடியும் வேகத்தின் வேலை. அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஸ்ட்ரெச்சர் வந்துகொண்டே இருக்கும், ஒரு நாளில் நிறையப் பேரைப் பார்ப்பீர்கள். அல்ட்ராசவுண்டில் கையும் கண்ணும் சேர்ந்து உழைக்க வேண்டும். பிடிக்கிறவர் சரியில்லை என்றால் விலை உயர்ந்த கருவியும் உதவாது. எம்ஆர்ஐயில் அயனியாக்கும் கதிர்வீச்சே இல்லை. ஆனால் 1.5 அல்லது 3 டெஸ்லா வலிமையுள்ள காந்தம் இரவு பகலாக உயிரோடு இருக்கிறது. யாரோ சட்டைப் பையில் மறந்துவிட்ட கத்தரிக்கோல் அங்கே பறக்கும். சுவிட்ச் இல்லாத வேலை என்ற வகையில் எம்ஆர்ஐ நமக்கு உறவுக்காரர்தான்.

அணு மருத்துவம் உடம்பின் அமைப்பைவிட அதன் இயக்கத்தைப் பார்க்கிறது. சிறுநீரகம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதை அல்ட்ராசவுண்ட் சொல்லும்; இரண்டில் எது எத்தனை சதவீத வேலை செய்கிறது என்பதை நம் ஸ்கேன் சொல்லும். மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருளை அடையாளமாக அனுப்பி, அது எங்கே போகிறது என்று பின்தொடரலாம் என்ற யோசனைக்காகத்தான் ஜார்ஜ் டி ஹெவெசிக்கு 1943ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் நாம் செய்வது அதையேதான்.

இந்தத் துறைக்குள்ளேயும் பல பாதைகள் உண்டு. மருந்தைத் தயாரித்து, ஊசி போட்டு, படம் எடுப்பவர் டெக்னாலஜிஸ்ட். படத்தைப் படித்து அறிக்கை தருபவரும் சிகிச்சையை முடிவு செய்பவரும் மருத்துவப் படிப்பு முடித்து இதில் சிறப்புப் பயிற்சி பெற்ற மருத்துவர். கருவியின் தரத்தையும் டோஸ் கணக்குகளையும் மருத்துவ இயற்பியலாளர் பார்த்துக்கொள்வார். மருந்து தயாரிப்பையே தொழிலாகக் கொண்ட கதிரியக்க மருந்தாளுநரும் இருக்கிறார். பெரும்பாலோர் நுழைவது டெக்னாலஜிஸ்ட் கதவு வழியாக என்பதால் இந்த வழிகாட்டி அவர்களை மனதில் வைத்தே எழுதப்பட்டது.

சேர்வதற்கு முன் ஒரு நாளாவது ஒரு அணு மருத்துவப் பிரிவில் அனுமதி வாங்கி உட்கார்ந்து பாருங்கள். ஊசிக்கும் படத்துக்கும் நடுவே வரும் நீண்ட காத்திருப்புகள் உங்களுக்கு எரிச்சலைத் தருகின்றனவா என்று கவனியுங்கள். எரிச்சல் வந்தால் சிடி பக்கம் போவது நல்லது.

படி 2: அடித்தளம்

பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்கு நான்கும் வேண்டும். கணக்கில் அடுக்குக்குறியும் மடக்கையும் பயமில்லாமல் வர வேண்டும். வேறு பெரிய கணக்கு எதுவும் தேவைப்படாது.

படிப்பு பெரும்பாலான நாடுகளில் இரண்டு வகையாக இருக்கிறது: நேரடியாக மூன்று அல்லது நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம், அல்லது ஏற்கெனவே ரேடியோகிராபியோ அறிவியல் பட்டமோ முடித்தவர்களுக்கு ஓரிரு ஆண்டுப் பட்டயம். எக்ஸ்ரே படித்துவிட்டு வருகிறவர்களுக்கு உடற்கூறியலும் நோயாளியைக் கையாளும் பழக்கமும் ஏற்கெனவே இருக்கும். மருந்து தயாரிப்புதான் அவர்களுக்குப் புதிது.

படி 3: கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது

கட்டடத்தையும் விளம்பரத்தையும் விட்டுவிட்டு இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். பயிற்சி தரும் மருத்துவமனையில் சொந்த ஹாட் லேப், அதாவது கதிரியக்க மருந்து தயாரிக்கும் அறை, இருக்கிறதா, டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைத் தரும் ஜெனரேட்டர் வாங்குகிறார்களா, அல்லது மருந்து அளந்து நிரப்பிய சிரிஞ்சுகளாக வெளியிலிருந்து வருகிறதா? பாசிட்ரான் விடும் மருந்தைப் பின்தொடரும் பெட் (PET) ஸ்கேன் இருக்கிறதா? கதிரியக்கச் சிகிச்சைக்கான தனி அறைகள் உண்டா? மாணவர் தன் கையால் எத்தனை ஊசி போட வேண்டும், எத்தனை முறை தரச்சோதனை செய்ய வேண்டும் என்று பதிவேடு வைத்திருக்கிறார்களா? அந்தப் படிப்பை உங்கள் நாட்டின் கதிர்வீச்சு ஒழுங்குமுறை அமைப்பும் தொழில் பதிவு அமைப்பும் அங்கீகரிக்கின்றனவா?

கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால் சான்றிதழ் கையில் இருந்தும் வேலை செய்ய உரிமம் கிடைக்காமல் போகும். அப்புறம், சேர்வதற்கு முன் மூத்த மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து, “போன வாரம் உன் கையால் என்ன செய்தாய்?” என்று கேளுங்கள். “நின்று பார்த்தேன்” என்ற பதிலையே இரண்டு மூன்று பேர் சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

படி 4: அரை ஆயுளை விரல் நுனியில் வையுங்கள்

ஒரு பொருளின் கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரம்தான் அரை ஆயுள். நான்கு கதிரியக்கப் பொருள்களின் அரை ஆயுளை முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள். டெக்னீசியம்-99எம்: 6 மணி நேரம். ஃப்ளோரின்-18: 110 நிமிடம். அயோடின்-131: 8 நாள். மாலிப்டினம்-99: 66 மணி நேரம். உங்கள் நாளும் வாரமும் இந்த நான்கைச் சுற்றித்தான் ஓடும்.

எலும்பு ஸ்கேனுக்கு வரும் நோயாளிக்குக் காலை 10 மணிக்கு 740 மெகா பெக்கரல், அதாவது 20 மில்லி கியூரி போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் மருந்தை எடுப்பது 7 மணிக்கு. இடையில் 3 மணி நேரம், அதாவது அரை ஆயுளில் பாதி. இரண்டின் வர்க்கமூலமான 1.414ஆல் பெருக்கினால் 1046 வரும். ஆக, 7 மணிக்குச் சிரிஞ்சில் 1046 மெகா பெக்கரல் இருக்க வேண்டும். நோயாளி வரத் தாமதமாகி மதியம் 1 மணி ஆகிவிட்டால்? அதே சிரிஞ்சில் 523தான் மிச்சம். இப்போது என்ன செய்வது: கூடுதலாக மருந்து சேர்ப்பதா, மருத்துவரிடம் கேட்டுவிட்டு இதையே போட்டுப் படம் எடுக்கும் நேரத்தை நீட்டுவதா? இது போன்ற கணக்கைத் தாளில் ஐம்பது முறை போடுங்கள். கணினி போட்டுத் தரும், சரி. ஆனால் கணினியில் யாரோ தேதியைத் தவறாக அடித்திருப்பதைக் கண்டுபிடிக்க மனக்கணக்கு வேண்டும்.

கதிரியக்கத்தை அளக்கும் இந்த அலகுகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1 மில்லி கியூரி 37 மெகா பெக்கரலுக்குச் சமம். பழைய ஆட்கள் ஒன்றில் பேசுவார்கள், புதிய தாள்கள் இன்னொன்றில் இருக்கும். இந்தக் குழப்பத்தில் தவறு நடக்க வாய்ப்பு அதிகம் என்பதால் வாயால் சொல்லும்போதும் அலகைச் சேர்த்தே சொல்லப் பழகுங்கள்.

படி 5: ஹாட் லேப்

பயிற்சியின் இதயம் இந்த அறைதான். கேமரா எங்கேயும் ஓடிப்போகாது, ஓரிரு மாதத்தில் அதைப் பழகிவிடலாம். ஹாட் லேபில் கை பழக நாளாகும்.

டெக்னீசியம் ஜெனரேட்டரைத் தொழிலில் மாடு என்றே சொல்வார்கள், மருந்து எடுப்பதைக் கறப்பது என்பார்கள். உள்ளே அலுமினா நிரப்பிய சின்னக் குழாயில் மாலிப்டினம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது சிதைந்து டெக்னீசியமாக மாறுகிறது. ஒரு பக்கம் உப்புநீர்க் குப்பி, மறுபக்கம் ஈயக் கவசத்துக்குள் காற்று உறிஞ்சப்பட்ட வெற்றுக் குப்பி. வெற்றிடம் உப்புநீரை இழுக்கும். நீர் போகிற வழியில் டெக்னீசியத்தை மட்டும் கழுவிக்கொண்டு வரும். கறந்த பின் அடுத்த 23 மணி நேரத்தில் மடி மறுபடி நிரம்பும். அதனால்தான் உலகெங்கும் பல பிரிவுகளில் காலையின் முதல் வேலை இது. ஒரு வாரம் கழிந்தால் மாலிப்டினத்தில் 17 சதவீதமே மிஞ்சும், புது ஜெனரேட்டர் வந்தாக வேண்டும்.

கறந்ததும் நேரே நோயாளிக்குப் போடக் கூடாது. மாலிப்டினம் கசிந்து வந்திருக்கிறதா என்று அளக்க வேண்டும். ஒரு மில்லி கியூரி டெக்னீசியத்துக்கு 0.15 மைக்ரோ கியூரிக்கு மேல் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. பிறகு கிட் கலக்க வேண்டும், அதாவது டெக்னீசியத்தைக் குறிப்பிட்ட உறுப்புக்குக் கொண்டுபோகும் மருந்துப் பொடிக் குப்பியில் அதைச் சேர்க்க வேண்டும். எலும்புக்கு எம்டிபி, நுரையீரலுக்கு எம்ஏஏ, சிறுநீரகத்துக்கு டிடிபிஏ என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குப்பி, தனிப் பொறுமை.

குப்பிக்குள் காற்று புகுந்துவிட்டால் உள்ளே இருக்கும் வெள்ளீய உப்பு கெட்டுப்போகும், டெக்னீசியம் எம்டிபியோடு ஒட்டாமல் தனியாகத் திரியும். ஒட்டாத டெக்னீசியம் எவ்வளவு என்று காட்டும் குரோமட்டோகிராபி சோதனையை நீங்கள் தவிர்த்திருந்தால் இந்தத் தவறு மூன்று மணி நேரம் கழித்துத் திரையில் தெரியும்: எலும்பு ஸ்கேனில் தைராய்டும் இரைப்பையும் ஒளிரும். நோயாளி வீணாகக் கதிர் வாங்கியாகிவிட்டது. பத்து நிமிடச் சோதனையை ஏன் விடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

சின்னத் துகள்களாலான எம்ஏஏவைப் போடும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. ரத்தக்குழாயில் ஊசி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ரத்தத்தைச் சிரிஞ்சுக்குள் இழுப்பது பழக்கம். இங்கே அதைச் செய்தால் துகள்கள் ரத்தத்தோடு கட்டியாகி, நுரையீரலில் பளிச்சென்ற புள்ளிகளாகப் போய் நிற்கும். நல்ல கேனுலா போட்டு, உப்புநீர் விட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு மருந்தைக் கொடுங்கள்.

தினமும், மருந்தின் கதிரியக்கத்தை அளக்கும் டோஸ் காலிப்ரேட்டரை நெடுநாள் நிலைக்கும் ஒரு சோதனை மூலத்தை வைத்துச் சரிபார்க்க வேண்டும். அது பொய் சொன்னால் அன்றைக்கு எல்லாமே பொய்.

படி 6: உங்களைக் காத்துக்கொள்ளும் கலை

நேரம், தூரம், தடுப்பு என்ற மூன்றைப் பாடப்புத்தகம் சொல்லும். மூன்றிலும் தூரம்தான் மலிவானது. ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குத் தள்ளி நின்றால் கதிர் நான்கில் ஒன்றாகிவிடும்.

தடுப்பு விஷயத்தில் எக்ஸ்ரேயிலிருந்து வருபவர்கள் ஏமாறுவது வழக்கம். டெக்னீசியத்தின் 140 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கதிரைப் பாதியாக்கச் சுமார் கால் மில்லிமீட்டர் ஈயம் போதும். பெட் ஸ்கேனில் வரும் 511க்கு நான்கைந்து மில்லிமீட்டர் வேண்டும். எக்ஸ்ரே அறையின் ஈய ஏப்ரனை மாட்டிக்கொண்டு பெட் அறையில் தைரியமாக நிற்பது மழைக்குக் கைக்குட்டை பிடித்த கதை. அங்கே டங்ஸ்டன் சிரிஞ்சுக் கவசமும் கனத்த ஈயப் பெட்டியும் வேகமான கையும்தான் காக்கும். இட்ரியம்-90 போன்ற பீட்டா மூலங்களுக்கு முதல் தடுப்பு பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். நேரடியாக ஈயத்தை வைத்தால் பீட்டா துகள் அதில் மோதி எக்ஸ்ரேயை உண்டாக்கும்.

உலகக் கதிரியல் பாதுகாப்பு ஆணையமான ஐசிஆர்பி, வேலை செய்பவருக்கு ஐந்து ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட் (உடம்பு வாங்கும் கதிரின் அலகு), எந்த ஒரு தனி ஆண்டிலும் 50க்கு மேல் போகக் கூடாது என்கிறது. கைகளுக்கு ஆண்டுக்கு 500. ஒழுங்காக வேலை செய்பவரின் உடல் டோஸ் இதற்கு வெகு கீழேதான் இருக்கும். கவலைப்பட வேண்டியது விரல்களைப் பற்றி. விரல் வாங்கும் கதிரை அளக்கும் மோதிர டோசிமீட்டரின் உணரும் பக்கம் உள்ளங்கையைப் பார்த்து இருக்கட்டும், கையுறைக்குள்ளே போடுங்கள். பலர் அழகுக்காக வெளிப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்கிறார்கள். கர்ப்பம் உறுதியானால் உடனே கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்ல வேண்டும். கருவுக்கான வரம்பு மீதிக் காலம் முழுதுக்கும் சுமார் 1 மில்லி சீவர்ட்தான்.

மருந்து சிந்தினால் முதலில் சத்தமாகச் சொல்லுங்கள். பிறகு உறிஞ்சும் தாளால் மூடி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள். மறைக்க நினைத்தால் கதிரைத் தேடிக் கண்டுபிடிக்கும் சர்வே மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும்.

படி 7: நோயாளியோடு

கருணை இல்லாமல் இந்த வேலை நடக்காது, ஆனால் அந்தக் கருணைக்கு ஒரு நேரம் இருக்கிறது. பேச வேண்டியதை எல்லாம் ஊசிக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்ல வைப்பது, கர்ப்பம், தாய்ப்பால், பழைய ஸ்கேன், எவ்வளவு நேரம் படுக்க வேண்டும், எங்கே கழிப்பறை, பயம் என்ன, எல்லாம். நான் ஒரு வரியை எப்போதும் சேர்த்துக்கொள்வேன்: “ஊசி போட்டதும் நான் கொஞ்சம் தள்ளிப் போய்விடுவேன். கோபம் என்று நினைக்காதீர்கள், நாள் முழுக்க இதே வேலை செய்கிறேன், அதனால்தான்.” சொல்லிவிட்டால் புரிந்துகொள்கிறார்கள். சொல்லாமல் விலகினால் தீண்டத்தகாதவராக ஆக்கிவிட்டதாக நினைத்து மனம் நொந்துபோவார்கள்.

பெட் ஸ்கேனுக்கு வரும் எஃப்டிஜி, சர்க்கரையின் வேடம் போட்ட மருந்து. எந்தத் தசை வேலை செய்கிறதோ அது அதை விழுங்கும். அதனால் நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு, முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம். ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசாமல், சூயிங்கம் மெல்லாமல், கதகதப்பாகப் படுத்திருக்க வேண்டும். குளிரில் நடுங்கினால் கழுத்தில் உள்ள பழுப்புக் கொழுப்பு ஒளிர்ந்து நிணநீர்க் கட்டி போலத் தோன்றும். சற்று முன் இன்சுலின் போட்டுக்கொண்டு வந்தவருக்கு உடம்புத் தசை எல்லாம் பளபளக்கும், கட்டி மங்கிப்போகும். ஆக, ஒரு போர்வையைக் கொடுப்பதும் படத்தின் தரத்தில் சேர்ந்ததுதான்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி, எலும்பு ஸ்கேன் ஒன்றில் இடுப்பெலும்புக்கு அருகே கூர்மையான ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டு முகம் வாடி வந்தாள். “சார், புற்றுநோய் பரவியிருக்கிறது போல.” உள்ளாடையை மாற்றச் சொல்லி, தோலைத் துடைத்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னேன். புள்ளி போய்விட்டது, மருந்து கலந்த ஒரு சொட்டுச் சிறுநீர். அன்றிலிருந்து அவள் விசித்திரமான எந்தப் புள்ளியைக் கண்டாலும் பக்கவாட்டுப் படம் ஒன்று எடுக்காமல் நோயாளியை அனுப்பியதில்லை. ஊசி போட்ட கையைக் குறித்து வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். மருந்து குழாய்க்கு வெளியே கசிந்திருந்தால் அந்த இடம் ஒளிரும். அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சும் ஒளிரலாம்.

படி 8: கேமரா

ஹால் ஆங்கர் 1950களின் பிற்பகுதியில் பெர்க்லியில் உருவாக்கிய காமா கேமராவின் அடிப்படையே இன்றைய பெரும்பாலான கேமராக்களிலும் ஓடுகிறது: துளையிட்ட ஈயத் தட்டு, சோடியம் அயோடைடு படிகம், அதன் பின்னால் ஒளியை மின்சாரமாக்கும் குழல்கள். குழல்களில் ஒன்று பழுதானால் படத்தில் வட்டமான இருண்ட பொட்டு விழும். கல்லீரல் மேல் விழுந்தால் அது நோய் மாதிரியே இருக்கும். தினமும் காலையில் சீரான மூலத்தை வைத்து எடுக்கும் சோதனைப் படம் இதைப் பிடிப்பதற்காகத்தான். அறையின் வெப்பநிலை சட்டென்று மாறினால் படிகம் விரிசல் விடும். ஏசியை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று: நோயாளியை இடித்துவிடுமோ என்று கேமராவைத் தள்ளியே வைப்பது. தூரம் கூடக் கூடப் படம் மங்கும். உடம்பைத் தொடாத அளவுக்கு எவ்வளவு நெருக்க முடியுமோ அவ்வளவு நெருக்குங்கள்.

இப்போது கேமராக்களோடு சிடி சேர்ந்தே வருகிறது, பெட்-எம்ஆர் கருவிகளும் இருக்கின்றன. சிடியில் குறுக்குவெட்டு உடற்கூறியலைப் படிக்காமல் இந்தத் துறையில் இனி காலம் தள்ள முடியாது.

படி 9: தேர்வும் உரிமமும்

இது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் என்எம்டிசிபி, ஏஆர்ஆர்டி என்ற இரண்டு அமைப்புகள் சான்றளிக்கின்றன. பிரிட்டனில் ரேடியோகிராபர்கள் ஹெச்சிபிசி என்ற தொழில் பதிவு அமைப்பில் பதிய வேண்டும். இந்தியாவில் கதிர்வீச்சு விவகாரம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏஇஆர்பியின் கையில். வெளிநாட்டில் வேலை செய்யும் எண்ணம் இருந்தால் முதலாண்டிலிருந்தே பாடத்திட்டத்தின் நகல், பயிற்சி நேரக் கணக்கு, செய்த பரிசோதனைகளின் பட்டியல் மூன்றையும் கையொப்பத்தோடு சேர்த்து வையுங்கள். படிப்பு முடிந்து பல ஆண்டு கழித்து இவற்றைத் திரட்டுவது பெரும்பாடு. படிக்க, வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகமையின் ஹியூமன் ஹெல்த் கேம்பஸ் என்ற தளம் நல்ல இடம்.

படி 10: வேலை கிடைத்த பிறகு

சிகிச்சைப் பக்கம் வேகமாக வளர்கிறது. தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் கொடுப்பது 1941லேயே தொடங்கிய பழைய கதை. 2018இல் நரம்பு நாளமில்லாக் கட்டிகளுக்கும் 2022இல் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் லுட்டீசியம்-177 மருந்துகளுக்கு அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. இவற்றில் டோஸ் பல மடங்கு பெரியது. கழிவும் சிறுநீரும் பார்வையாளர் வருகையும் எல்லாமே திட்டமிட வேண்டியவை. இதில் அனுபவம் உள்ளவர்களைப் பிரிவுகள் தேடுகின்றன. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் தகுதி, பெட் சிறப்புச் சான்று, சிடி சான்று மூன்றில் ஒன்றை முதல் மூன்று ஆண்டுக்குள் எடுத்துவிடுவது என் யோசனை.

பழைய முறைகளையும் மறக்காதீர்கள். மாலிப்டினம் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய அணு உலைகளிலிருந்துதான் வருகிறது. 2009இல் கனடாவின் சாக் ரிவர் உலை பழுதாகி ஓராண்டுக்கும் மேல் நின்றபோது டெக்னீசியத்துக்குப் பெரும் தட்டுப்பாடு. இதய ஸ்கேனுக்குப் பழைய தாலியம்-201 முறை தெரிந்தவர்களுக்கு அப்போது கை ஓடியது.

ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது சம்பளச் சான்றை வாங்க எல்லோருக்கும் நினைவிருக்கும். உங்கள் டோஸ் பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். ஐந்தாண்டுக் கணக்கு உங்களோடு அடுத்த இடத்துக்கும் வருகிறது. புது இடத்தில் கதிரை அளக்கும் பேட்ஜ் கொடுப்பதற்கு முன் அதைத்தான் கேட்பார்கள்.